உத்தியோகத்தாரும் ஞானநூற் கேள்வியும்

உலகியற் றொழிலிற் கட்டுண்டு நிற்கும் ஒருவர் அத்தொழிலை மூன்று நான்கு நாள் ஒதுக்கி வைத்து, வேற்றூர் சென்று, தம்மையொத்த சிலரோடு கூடித் தத்துவநூல் கேட்பாராயின், அக்கேள்வி அவர்க்கு உறுதி பயக்குமோ, வெறும் இளைப்பாறுதலாய் முடியுமோ என்பது இக்காலத்து ஆராயற்பாலதாகிய ஒரு வினாவாகும். ஐரோப்பாக் கண்டத்துப் பழம்பெரு நகரங்களில், பத்துப் பன்னிருவர் அளவிற் சிறு குழுவாய், மருத்துவரும் வழக்கறிஞரும் வணிக நிலையத் தலைவரும் கட்டணஞ் செலுத்திக் கூடி, பிளேட்டோ முதலியோர் நூல்களை ஆசிரியர் ஒருவர்பாற் காலையிற் கேட்டு, மாலையிற் பழைய கட்டடங்களையும் சித்திர சாலைகளையும் கண்டு வருதல் இப்பொழுது வழக்கமாயுளது. நம் செட்டிநாட்டிலும் கானாடுகாத்தான் முதலிய ஊர்களில் ஆளில்லாது கிடந்த பெருமனைகள் சில விடுதிகளாய் மாறி, வேற்று நாட்டார் வந்து தங்கும் இடங்களாயின. இத்தகைய கூட்டங்கள் ஈண்டும் நிகழ்தற்குத் தடையொன்றும் இல்லை.

இதனைக் கேட்டவுடன் மடத்துப் பெரியோர் சிலர் நகைப்பர். பன்னிரண்டாண்டு குருகுலத்திலிருந்து கற்றார்க்கே எளிதிற் கைகூடாத பொருள் நான்கு நாளிற் கைகூடுமோ என்பர். மற்றொரு சாரார், பொருளீட்டும் பரபரப்பில் ஆழ்ந்தவர் நான்கு நாளாயினும் நல்லது கேட்டால் அதுவே போதும் என்பர். இவ்விரு சாராரும் நாட்கணக்கைப் பற்றியே வழக்கிடுகின்றனர். நாள் பலவோ சிலவோ என்பது எமக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. கேட்பவர் எதனைக் கையிற் கொண்டு வருகின்றார், ஆசிரியர் அதனை என் செய்கின்றார் என்பதே ஆராயத்தக்கது.

மேனாட்டார்க்கும் இது புதுவழக்கன்று. இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகரில் 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெடிச்சி குடியினர், உரோம், வெனிசு, இலண்டன் முதலிய நகரங்களிற் கிளைக்கடை நிறுவி, உண்டியல் மாற்றியும் கடன் கொடுத்தும் பெரும்பொருள் ஈட்டியவர். அக்குடித் தலைவராகிய கோசிமோ என்பார், பிசீனோ என்னும் இளம்புலவர்க்குக் கரேச்சி என்னும் இடத்தில் தம் நாட்டுப்புற மனைக்கு அணித்தே வீடளித்து, கிரேக்க மொழியிலிருந்த பிளேட்டோவின் நூல்களை இலத்தீனில் ஆக்குவித்தார். 1464-இல் அவர் இறுதி நோயுற்றிருந்தகாலை, பிசீனோ தாம் மொழிபெயர்த்த பகுதிகளை அவர்க்குப் படித்துக் காட்டினார். பிசீனோவைச் சூழ்ந்து கூடிய அன்பர் குழுவே பிளாரன்சின் பிளேட்டோக் கழகமெனப் பெயர் பெற்றது. அது முறையாக நிறுவப்பெற்ற கழகமன்று, நண்பர் குழாமே என இக்கால ஆராய்ச்சியாளர் சிலர் கூறுப. எங்ஙனமாயினும், வட்டிக்கடை நடத்திய முதியவர் ஒருவர் மரணப் படுக்கையில் தத்துவங் கேட்டார் என்பது உண்மை. அவர் உள்ளத்தே ஓர் உறுத்தல் இருந்தது. தாம் ஈட்டியதில் நேரல்லாத வழியில் வந்ததும் உண்டென்று அஞ்சி, போப்பாண்டவரின் அறிவுரை கேட்டு, அதற்கு ஈடாகச் சான் மார்க்கோ என்னும் மடத்தைப் பெரும்பொருள் செலவிட்டுப் புதுக்கினார் என்று அவரை அறிந்த வெசுபாசியானோ என்பவர் எழுதி வைத்துள்ளார். தத்துவம் கேட்டமை அவ்வுறுத்தலைத் தீர்த்ததோ என்பதற்குச் சான்றில்லை. செட்டிநாட்டார்க்கு இவ்வரலாறு அயலதாகத் தோன்றாது.

நம்மவர் வழக்கினை நோக்குவோம். சந்தான குரவருள் முதல்வராகிய மெய்கண்டாரைச் சூழ்ந்து கேட்ட மாணாக்கர் நாற்பத்தொன்பதின்மர் எனக் கன்னபரம்பரை கூறும். அதுவும் சிறு குழுவேயன்றிப் பேரவையன்று. அண்மைக் காலத்திற்கு வருமிடத்து, சிவஞானபோதத்தை 1895-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவரும், 1897-இற் சித்தாந்த தீபிகை என்னும் திங்களிதழைத் தொடங்கியவருமாகிய ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் முனிசீப்பாக நீதிமன்றத்தில் அமர்ந்து வழக்குரைகளைக் கேட்டவரேயாவர். அவர் உத்தியோகத்தைத் துறந்துவிட்டுச் சாத்திரம் பயின்றாரல்லர். மகிபாலன்பட்டிப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியாரவர்களும் பதினோராம் வயதில் இலங்கை சென்று கடையிற் பணிபுரிந்து, சின்னாளில் ஊர்க்கு மீண்டு, பின்னரே தமிழும் வடமொழியும் சித்தாந்தமும் ஆசிரியர்பாற் கேட்டுணர்ந்தனர். பள்ளியில் அவர் பயின்றது சில திங்களே. 1909-இல் மேலைச்சிவபுரியிற் சன்மார்க்க சபை தோன்றியதும், அதன்கண் அவர் முன்னின்றதும் இதழன்பர் பலரும் அறிவர்.

அன்றியும், கடல் கடந்து கொண்டுவிற்ற காலத்து நகரத்தார்க்கு ஒரு முறை இருந்தது. முதலாளி ஊரிலிருக்க, அவர் பொருளைக் கொண்டு இரங்கூன், பினாங்கு, கொழும்பு முதலிய ஊர்களிற் கடை நடத்திய மேலாள், மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் ஐந்தொகை எடுத்துக் கணக்கொப்பித்து ஊர் திரும்புவர். அடுத்த தவணைக்குப் புறப்படுங்காறும் அவர்க்கு ஓய்வுண்டு. அவ்வோய்விற் கோவிலூர் மடத்திற்குச் சென்று வேதாந்த நூல் கேட்டவர் பலர் என்று முதியோர் சொல்ல இளமையிற் கேட்டுள்ளேன். காரைக்குடிக்கு அணித்தாகிய அக்கோவிலூர், முத்துராமலிங்க ஆண்டவர் காலந்தொட்டுத் தமிழிலேயே வேதாந்தம் பயிற்றும் இடமாய் விளங்குவது. ஆங்குப் பயிற்றப்பெறும் கைவல்லிய நவநீதம், கார்ல் கிரௌல் என்னும் பாதிரியாரால் 1855-இல் செருமனி நாட்டு லைப்சிக் நகரில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிடப்பெற்றது. ஆங்கு ஓதப்படுவது ஏகான்மவாதமாதலின் நம் கொள்கைக்கு மாறுபட்டதே. ஆயினும் வணிகர்க்கு அவர் தாய்மொழியில் ஞானநூல் சொல்லிக்கொடுத்த பெருமையை அம்மடத்திற்கு மறுத்தல் நேர்மையாகாது. உபதேசம் பெறுதலோ வேறு. நகரத்தாருள் ஆடவர் பாதரக்குடி மடத்திலும் மகளிர் துலாவூர் மடத்திலும் பெறுதல் மரபு. நூல் கேட்குமிடமும் உபதேசம் பெறுமிடமும் வெவ்வேறாக வைத்த முன்னோர், இரண்டும் ஒன்றாகா என்பதனை அறிந்தே வைத்தனர் போலும்.

இன்று திருவாவடுதுறை, தருமபுரம் ஆகிய ஆதீனங்கள் ஊர்தோறும் சித்தாந்த வகுப்புக்களை நடத்துகின்றன. விடுமுறை நாளிற் கூடி, ஆசிரியரும் வங்கி அலுவலரும் பொறியாளரும் ஓய்வு பெற்றோரும் சாத்திர நூல்களைக் கேட்கின்றனர். இம்முயற்சி இல்லையேல் சித்தாந்த சாத்திரம் பதினான்கும் அலமாரியிலேயே உறங்கியிருக்கும். இதனை முகமனாகச் சொல்லவில்லை.

இனி, எடுத்த வினாவிற்கு வருவோம். ஞானத்தின் படி கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என நான்காகும். நான்கு நாட் கூட்டத்திற் கைகூடுவது கேட்டல் ஒன்றே. சிந்தித்தல் சிறிது தொடங்கலாம். கேட்டலை இகழ்தற்கில்லை, அஃதின்றி ஏனைய மூன்றும் இல்லை. ஆயின் கேட்டலில் ஒரு வஞ்சம் உண்டு. இனிய இடத்தில், இனிய குரலில், தன்னைத் தொடாத பொருளைக் கேட்கும் ஒருவர்க்கு ஓர் அமைதி தோன்றும். அவ்வமைதியை அவர் தெளிவென்று மயங்குவர். மலம் சிறிது கழன்றதென்று எண்ணுவர். நான்கு நாள் கடையைப் பூட்டியமையாற் பாசம் நெகிழ்ந்துவிடாது. பூட்டிய கடையின் திறவுகோல் மடியிலேயே இருக்கின்றது. ஊர் திரும்பிய மறுநாட் காலை, பழைய கோபமும் பழைய கணக்கும் வாயிலிலேயே காத்திருக்கக் காண்பர். காணவே, தத்துவம் வேறு, தொழில் வேறு என்று தம்முள் ஒரு சுவர் எழுப்பிக்கொள்வர். கூட்டத்திற்குப் போகாதிருந்தால் அச்சுவர் எழுந்திராது. இஃதே யான் அஞ்சுவது.

கடந்த தைத் திங்களில், காரைக்குடியில் அன்பர் ஒருவர் மனையின் பட்டாலையில், ஒன்பதின்மர் கூடி நான்கு நாட் சிவஞானசித்தியார் சுபக்கத்தின் பத்தாஞ் சூத்திரப் பகுதியைக் கேட்டனர். யான் பாடஞ் சொன்னேன். கண்மருத்துவர் ஒருவர், வழக்கறிஞர் இருவர், ஓய்வு பெற்ற வட்டாட்சியர், கட்டடப் பொறியாளர், வங்கிக் கிளைத் தலைவர், மற்றுஞ் சிலர். முதலிரு நாளும் பாடம் ஒழுங்காகவே சென்றது. எல்லாரும் குறிப்பெடுத்தனர்; ஒருவரும் கலங்கவில்லை. மூன்றாம் நாட் காலையில் வங்கி அலுவலர் ஒரு வினாவை எழுப்பினார். அதனால் அன்றைப் பாடம் நின்றது, நின்றது நன்றாயிற்று.

அவர் கூறியது இது. "ஐயா, எங்கள் கிளையிற் சிற்றூர் உழவர்கள் நகையை ஈடு வைத்துக் கடன் பெறுகின்றனர். தவணை கடந்து, அறிவிப்பு அனுப்பியும் பணம் வாராதாயின் நகை ஏலத்திற்கு வரும். ஏலப் பட்டியலிற் கையொப்பமிட வேண்டியவன் யான். இவ்வாரம் யான் ஊர் திரும்பியதும் பதினேழு பெயர் கொண்ட பட்டியல் ஒன்று காத்திருக்கின்றது. விதி வங்கியினுடையது, பணம் பொதுமக்கள் இட்டுவைத்தது, யான் ஒரு கருவி மாத்திரமே. இதன் வினைப்பயன் யாரைச் சாரும்? 'என் செயலன்று' என்று நிற்பது தானே தாங்கள் இரண்டு நாளாகச் சொல்லும் இறைபணி நிற்றல்?"

அவையிற் பலர் ஆம் என்பார்போல் தலையசைத்தனர். மருத்துவர், "மருந்திடுவது யான், பார்வை தருவது இறைவன் என்று யானும் சொல்வதுண்டு" என்றார். வழக்கறிஞருள் ஒருவர், கட்சிக்காரர்க்காக வழக்காடுவது தம் செயலாகாது என்பது தம் தொழிலின் அடிப்படை என்றார். ஒரு கணத்தில் அவ்வறையில் இருந்த எல்லார்க்கும் பத்தாஞ் சூத்திரம் கைவந்துவிட்டது போன்ற தோற்றம் உண்டாயிற்று.

இத்தோற்றம் ஈண்டுள்ளார்க்கு மட்டும் உரியதன்று. 1930-இல் நெல்விலை வீழ்ந்தபோது, கீழ்ப் பர்மாவின் நெல்விளை மாவட்டங்கள் பதின்மூன்றில் நகரத்தார் வசமிருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கேயாம். கடன் திரும்பாமையால் ஈட்டு நிலங்கள் அவர் கைக்கு வந்துகொண்டேயிருக்க, 1938-இல் அது நூற்றுக்கு 25 பங்களவாயிற்று. அவர் விரும்பியது பணத்தையே, நிலத்தையன்று என்பது உண்மை. உழுதவன் நிலமிழந்தான் என்பதும் உண்மை. ஆங்குக் கடை நடத்திய மேலாள் ஒருவரை வினவியிருப்பின், "நிலம் என்னதன்று, முதலாளியினது, கட்டளை அவரது" என்றிருப்பர். ஊரிலிருந்த முதலாளியை வினவியிருப்பின், "நேரிற் கண்டு செய்தவர் மேலாள்" என்றிருப்பர். இருவர் சொல்லும் கணக்குமுறைக்கு ஒத்ததே. இரங்கூன் நகரத்தார் கோயிலில் முருகன் திருமுன்னர்த் திங்கள்தோறும் கூடி நடப்பு வட்டியை வகுத்த அப்பெருமக்கள், அடியார்க்கு அன்னமிட்டவர். காசியிலும் இராமேச்சுரத்திலும் அறம் வளர்த்தவர். மகமையைத் தவறாது எடுத்து வைத்தவர். அவர்களைப் பழித்தல் என் கருத்தன்று. அவர்கள் வைத்த அறத்தின் நிழலிலேயே யான் கல்வி பயின்றேன். 1942-இற் சப்பானியர் படையெடுப்பும், 1948-இற் பர்மிய அரசின் நிலச்சட்டமும் வந்து அந்நிலங்கள் கைவிட்டுப் போனமை யாவரும் அறிந்ததே. யான் ஈண்டுக் கேட்பது ஒன்றே: மேலாளும் செய்யவில்லை, முதலாளியும் செய்யவில்லையாயின், அவ்வினையைச் செய்தவர் யாவர்? செய்வோன் இன்றிச் செயல் நிகழாது என்பது நம் நூலின் முதற் சூத்திரத்திலேயே நாம் உலகாயதரோடு வழக்கிட்டு நாட்டிய பொருளன்றோ? உலகத்திற்குக் கருத்தா உண்டென்று நாட்டியவர், தம் கையொப்பத்திற்குக் கருத்தா இல்லையென்று சொல்லலாகாது.

வங்கி அலுவலரிடம் யான் ஒன்றே வினவினேன். "நிலுவைக் கடன் குறைந்தமை கண்டு மேலிடத்தார் தங்களைப் பாராட்டி எழுதினால், பதவி உயர்வு அளித்தால், அதனையும் 'என் செயலன்று, வங்கியின் செயல்' என்று விலக்குவீரோ?" அவர் நகைத்தார், பின்னர் நெடுநேரம் பேசவில்லை.

அருணந்தி சிவாசாரியர் பத்தாஞ் சூத்திரத்தில் உயிரின் கோணலை எடுத்துரைக்குமிடத்து, 'நான் செய்தேன்' என்னும் நினைவை மட்டும் கோணலென்று கூறி நிறுத்தினாரல்லர். 'பிறர் செய்தார்' என்னும் நினைவையும் அதனோடு ஒருங்கு வைத்து, இரண்டனையும் ஞானத் தீயில் வெதுப்பி நிமிர்த்தற்பாலனவாகக் காட்டினார். பாடஞ் சொல்லுவோர் பலர் முன்னதை விரித்துரைத்துப் பின்னதை விரைந்து கடந்து செல்வர். பிறர்மேற் சினமும் பொறாமையும் கொள்ளாமைக்குக் கூறியதென்று மட்டும் பொருளுரைப்பர். அப்பொருள் உண்டு. ஆயினும், தான் செய்ததைப் பிறர்மேல் ஏற்றுதலும் அதன்கண் அடங்கும். செருக்கினால் வளைந்ததும் ஒரு கோணல், அச்சத்தினால் வளைந்ததும் ஒரு கோணல். இரண்டும் ஆணவத்தின் காரியமே. முன்னது தன்னைப் பெருக்கிக் காட்டும். பின்னது தன்னை ஒளித்துக் காக்கும்.

இறைபணி நிற்றலுக்கும் நிறுவனத்தின் கருவியாய் நிற்றலுக்கும் உள்ள வேற்றுமையை ஈண்டுச் சிறிது விரித்தல் வேண்டும். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. சிவத்தைச் சார்ந்தவழிச் சிவத்தின் வண்ணமாய் விளங்கும். அசத்தைச் சார்ந்தவழி அசத்தின் வண்ணமாய் அறிவு மழுங்கும். வங்கியோ, வாணிகக் கழகமோ, அரசாங்க அலுவலகமோ சட்டத்தால் ஓர் ஆள் எனப்படும். வழக்குத் தொடுக்கும், சொத்து வைத்திருக்கும். ஆயின் அதற்கு அறிவில்லை. அறியாதது இரங்காது, நாணாது. அறிவில் பொருளாகிய எழுதுகோலை அறிவுடைய உயிர் கருவியாகக் கொள்ளும். அறிவுடைய உயிர், அறிவில் பொருளொன்றற்குத் தன்னைக் கருவியென்று சொல்லுமாயின், அது முறை பிறழ்ந்த சொல்லாம். அச்சொல்லைப் பலகாற் சொல்லி வருவோர் மெல்ல மெல்ல அவ்வறிவின்மையின் வண்ணத்தையே அடைவர். இறைவன் திருவருளின் வழி நிற்பார்க்கு இரக்கம் மிகும். நிறுவனத்தின் கருவியாய் நிற்பார்க்கு இரக்கம் குறையும். இவ்வொன்றைக் கொண்டே இருவகை 'என் செயலன்று' என்பதனையும் பிரித்தறியலாம்.

அற்றேல், 'நான் செய்தேன்' என்று அவ்வலுவலர் கொள்ளுதல் ஆணவத்தை வளர்ப்பதாகாதோ எனின், கூறுதும். தன் பேரேட்டிற் பற்று எழுதப்படாத தொகையை மற்றொருவர் பேருக்கு மாற்றுதல் கணக்கிற் செல்லாது. இதனை நகரத்தார் மனையிற் பெட்டியடியிலிருந்து பழகிய சிறுவனும் அறிவான். அங்ஙனமே, தன் செயலெனத் தான் ஏற்காத ஒன்றனை இறைவன்பால் ஒப்புவித்தல் கூடாது. 'பிறர் செய்தார்' என்பவர் முதற்கண் 'நான் செய்தேன்' என்னும் இடத்திற்கு வரல் வேண்டும். அங்கு வந்தபின்னரே அந்த 'நான்' அவர் கையில் உண்டு. உண்டாயினன்றோ அதனைத் திருவடியில் வைத்தல் இயலும்? ஓய்வு பெற்ற வட்டாட்சியர் இவ்விடத்தில் ஒன்று சொன்னார். தாம் பணியிலிருந்த முப்பதாண்டிற் கோப்பில் எழுதிய குறிப்புக்களில் 'ஆணையிடப்படுகிறது' என்று எழுதினாரேயன்றி 'ஆணையிடுகின்றேன்' என்று ஒருகாலும் எழுதியதில்லையாம். இலக்கணம் வல்லார் செயப்பாட்டு வினையின் பயனை ஆராயும்போது இதனையும் சேர்த்துக் கொள்க.

இனி, கையொப்பமிடாது விடுவதே அறமோ? அவையில் இளையவர் ஒருவர் அங்ஙனம் கூறினார். அது எளிய விடை; எளிதாதலினாலேயே ஐயுறற்பாலது. வங்கியில் இட்டுவைத்த பணமும் பிற உயிர்களின் பணமே. ஓய்வூதியத்தைச் சேர்த்து வைத்த முதியவளின் பணமும் அதிலுண்டு. உயிர்க்கு உறுதி செய்தல் இதம், அது செய்யாமை அகிதம், இரண்டனையும் இறைவன் ஏற்றுப் பயன் ஊட்டுவன் என்பது நூற்றுணிபு. எவ்வுயிர்க்கு எவ்வளவு உறுதி என்பதனை அப்பட்டியலின் பதினேழு பெயருக்கும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்; அதனைப் பட்டாலையிலிருந்த யாங்கள் ஆராய இயலாது. அவர் ஒருவரே செய்தற்குரியர். அறிவிப்புக் கடிதம் உரியவர் கையிற் சேர்ந்ததோ, எழுத்தறியாதவர்க்கு அதனைப் படித்துச் சொன்னவர் உண்டோ, வட்டியை மட்டும் கட்டிக் கடனைப் புதுப்பிக்கும் வழியை அவர்க்கு யாரேனும் எடுத்துரைத்தனரோ என இத்தகைய வினாக்கள் அவர் விதிநூலுக்குள்ளேயே உள்ளன என்பதை அவரே எமக்குக் கூறினார். யாம் அவர்க்குக் கற்பித்ததன்று. அன்று மாலை அவர் தம் கிளைக்குத் தொலைபேசியிற் பேசினார் என்று பின்னர் அறிந்தேன். என்ன பேசினாரென்று யான் வினவவில்லை.

மருத்துவரும் தம் சொல்லை மீட்டும் எடுத்துக்கொண்டார். பார்வை கிடைத்தவழி இறைவன் தந்தானென்று தாம் சொல்லுதல் பணிவே என்றும், பார்வை போயவழியும் அதனையே சொல்லுதல் தம் கையின் நடுக்கத்தை மறைத்தற்குப் பயன்பட்டதுண்டென்றும் கூறினார். ஒன்பதின்மர் நடுவே இதனைச் சொல்லுதல் அவர்க்கு எளிதாய் இருந்திராது. ஐந்நூற்றுவர் கூடிய மாநாட்டுப் பந்தலில் அவர் சொல்லியிருப்பாரோ? சிறு குழுவின் பயன் இதுவென்று எமக்குத் தோன்றுகின்றது. ஆண்டு விழாவும் மாநாடும் சமயத்திற்கு வேண்டுவனவே. 1905-இற் சைவசித்தாந்த மகாசமாசம் தோன்றிய நாள் முதல் அவற்றால் விளைந்த நன்மை பெரிது. ஆயின் அவற்றிற் கேட்போர் கேட்போராகவே இருந்து எழுந்து செல்வர். சிறு குழுவிற் கேட்போரே பாடமாதல் கூடும்.

அருணந்தியார் வரலாறு இதற்கே உரைகல். சகலாகம பண்டிதர் எனப் புகழ்பெற்ற அம்முதியவர், இளஞ்சிறாராகிய மெய்கண்டார் சாத்திரம் உரைக்கும் இடத்திற்கு வந்து, ஆணவத்தின் இயல்பு யாது என வினவ, மெய்கண்டார் வாய் திறவாது அவரை உச்சிமுதல் உள்ளங்கால் வரை நோக்கினார் என்பது நாம் யாவரும் கேட்டறிந்தது. அக்குடிக்கே குலகுருவாய் இருந்தவர், அந்நோக்கினாற் செருக்கழிந்து மாணாக்கராயினார். இலக்கணமும் எடுத்துக்காட்டும் ஒன்றாய் நின்ற விடை அது. இன்று நகரத்து விடுதியிற் கட்டணம் பெற்றுத் தத்துவம் உரைக்கும் ஆசிரியர் ஒருவர், கட்டணம் செலுத்திய பெருஞ்செல்வரை அங்ஙனம் நோக்குவரோ? நோக்கினால் அடுத்த ஆண்டுக் கூட்டத்திற்கு அவர் வாரார். தம் நண்பரையும் வரவிடார். ஆசிரியனுக்குப் பொருள் கொடுத்தல் இழுக்கன்று. ஊட்டி உடுத்திக் காத்தவர்பால் எம் ஆசிரியர்களும் பெற்றனர். ஆயின் முன்னரே விலை பேசி வாங்கியதாயின், கேட்பவர் மனமகிழ்ச்சி ஆசிரியரின் பிழைப்பாய்விடுகின்றது. பிழைப்பாய்விட்ட இடத்தில் அந்நோக்கு எழாது. மேனாட்டுக் கூட்டங்களைப் பற்றி எனக்குள்ள ஐயம் இவ்வொன்றே. அவர் பிளேட்டோவைப் படிப்பதும், பழைய நகரத்து வீதிகளில் உலாவுவதும் எனக்கு உவப்பே.

கோசிமோவின் மடத்திருப்பணியையும் நம்மவர் கோயில் திருப்பணியையும் பற்றி அவையில் எழுந்த வினாவொன்றும் ஈண்டுக் கூறற்பாலது. பொருளீட்டிய வழியிலுள்ள குற்றத்தை அறச்செலவு கழித்துவிடுமோ என்பது அது. நல்வினை ஒருபால் தீவினை ஒருபால் வைத்து எண்ணிக் கழிக்கும் ஐந்தொகையன்று இருவினையொப்பு. இரண்டன் பயனிலும் உவர்ப்புத் தோன்றி, ஒன்றில் விருப்பும் மற்றொன்றில் வெறுப்பும் அற்ற நிலையே அதுவென்று சிவஞான முனிவர் விளக்கினார். ஆகலின் திருப்பணி செய்தவர் அதன் பயனை நுகர்வர். ஏனையதன் பயனையும் நுகர்வர். இதனைக் கேட்டுப் பொறியாளர் வருந்தினார். ஒப்பந்தக்காரர் பலர் தம்பாற் கோயிற் கணக்கையே காட்டுகின்றனராம்.

ஆதீனத் தலைவர்கட்கும் வகுப்புக்களை நடத்தும் அன்பர்கட்கும் விண்ணப்பம் ஒன்று செய்துகொள்கின்றேன். திங்கள் வகுப்புக்கள் இப்பொழுது நடைபெறுமாறே நடைபெறுக. அவற்றை முடித்தவருள் தொழிலில் இருப்பவர் பதின்மருக்கு மேற்படாது தெரிந்து, ஆண்டிற்கொருமுறை நான்கு நாள் மடத்திலேயே தங்கச் செய்தல் வேண்டும். குன்றக்குடியிலும் பாதரக்குடியிலும் இதற்கு இடமுண்டு. கட்டணம் வேண்டா, மடத்து உணவே உண்க, செல்லும்போதோ பின்னரோ மகமையாகத் தருவது அவரவர் விருப்பம். வருபவர் ஒவ்வொருவரும் தம் தொழிலினின்றும் ஒரு வினாவை எழுதிக் கொணர்தல் வேண்டும். நூலினின்றும் எடுத்த வினா கூடாது. மடத்துத் தம்பிரான்களும் உடனமர்ந்து கேட்பாராயின், உலகியலில் ஆணவம் இக்காலத்தே என்னென்ன வேடம் புனைகின்றது என்பதனை அவர்களும் அறிவர். பாடமாக எதனைக் கொள்வது என்பதிற் கருத்து வேறுபாடு எழலாம். அளவையும் முதற் சூத்திரமும் முடியாமற் பத்தாஞ் சூத்திரத்தைத் தொடலாகாது என்று புலவர் சிலர் தடுப்பர். அவர்தம் முறை நன்முறையே. அங்ஙனமாயின் வினாவும் விடையுமாய் அமைந்த உண்மை விளக்கத்தை முதலிரு நாளும் சொல்லி, பின்னிரு நாளைப் பத்தாஞ் சூத்திரத்திற்கு விடலாம். ஆடித் திங்களில் வகுப்புக்கள் குறைவாதலின் அப்பொழுது தொடங்குதல் எளிதாகும்.